பாறையில் ஒண்ணு கீது

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் நானும் வள்ளியூர்க்காரன் ஒருவனும் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்று இருந்தது. எங்கள் தென்காசிப் பக்கம் இதைப் பொத்தை என்போம். பின்கதவைத் திறந்தால் பொத்தை, முன்கதவைத் திறந்தால் ஓனரம்மா. இரண்டில் எது அதிகக் கரடுமுரடு என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

குடிவந்த அன்றே அந்த அம்மாள் கோழிகளுக்குத் தவிடு வைத்தபடி எச்சரித்தார்.

"பின்னாடி கதவ சாத்தியே வைங்கப்பா. பாறைல ஒண்ணு கீது. அசந்தா கோழிக்குஞ்ச இஸ்துகினு பூடும்."

நாங்கள் பெரிய அறிவாளிகள் போலத் தலையாட்டினோம். உள்ளே வந்ததும் வள்ளியூர்க்காரன் என் காதில், "கேட்டியால? கீதுன்னு ஒரு பிராணி இருக்காம். கீரிக்கும் மரநாய்க்கும் நடுவுல ஒரு சாதியா இருக்கும்" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரை விட்டு வந்து ஒரு வாரம் ஆகவில்லை. புது ஊரில் புதுப் பிராணி இருக்கக் கூடாதா என்ன?

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் கார்களுக்குப் பாகங்கள் செய்யும் ஆலை. டீ இடைவேளையில் லைன் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். காட்டுப் பிராணி பற்றி உள்ளூர்க்காரரிடம்தானே கேட்க வேண்டும்?

"சார், நீங்க கீது பாத்திருக்கீங்களா?"

"இன்னா கீது?"

"அதான் சார், கீது."

"எங்கப்பா கீது?"

"பாறையில."

"பாறைல இன்னா கீது?"

"கீதுதான் சார்!"

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கையிலிருந்த டீயை முழுதும் சட்டையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார். கீது என்றால் 'இருக்கு' என்று அர்த்தமாம். ஓனரம்மா சொன்னது, பாறையில் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் எங்கள் இருவருக்கும் லைன் முழுக்கக் கீது என்றே பெயராகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வள்ளியூர்க்காரன், மானங்கெட்டவன், அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

அர்த்தம் தெரிந்த பிறகும் எங்களுக்கு அந்தப் பிராணி கீதுதான்.

நைட் ஷிப்ட் முடித்து வந்தால் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே தூக்கம் வராது. நான் பொத்தையில் ஏறி ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. நாலைந்து காலை உட்கார்ந்த பிறகு கல்லுக்குள் குடும்பங்கள் தெரிய ஆரம்பித்தன. வெடிப்புகளில் எலிகள். காரைப் புதருக்கடியில் ஒரு முயல், காது மட்டும் வெளியே. செங்குத்துப் பாறையின் நடுவில் இருந்த மாடத்தில் கொம்பு வைத்த ஆந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் கீழே மயிரும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே எலியின் தாடை, பல்லோடு அப்படியே இருந்தது.

அங்கேயும் ஷிப்ட் முறைதான். ஆந்தைக்கு நைட் ஷிப்ட். வெயில் ஏறியதும் வானத்தில் வட்டம் போடும் ராஜாளிக்கு ஜெனரல் ஷிப்ட். இரண்டுக்கும் நடுவே விடிகாலையில் வேலைக்குக் கிளம்புவது நம்ம கீது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கீரிதான். சாம்பல் உடம்பு, சிவந்த கண். எலியைப் பிடித்தால் வெடிப்புக்குள் கொண்டு போகும். உள்ளே மூன்று குட்டிகள். வேட்டையாடப் போகும்போதுகூட அது ரெண்டு அடிக்கு ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்க்கும். பாவம், தின்னவும் வேண்டும், தின்னப்படாமல் இருக்கவும் வேண்டும். எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது.

வினை சேவல் ரூபத்தில் வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அம்மனுக்கென்று ஓனரம்மா ஓர் இளஞ்சேவலை நேர்ந்துவிட்டு, காலில் மஞ்சள் துணி கட்டி வளர்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது காணாமல் போனது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் ஒரகடத்தில் கோழி வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தோம். கெட்ட நேரம் என்றால் இதுதான்.

"கடையில வாங்குனதும்மா!" என்று கத்தினேன்.

"யார்கிட்ட? கடைக்கோழி வாசன எனக்குத் தெரியாதா? அது நாட்டுக்கோழி! ஒண்ணாந்தேதி ரூம காலி பண்ணிட்டுக் கெளம்புங்க."

"எங்கம்மா அரைச்ச மசாலாவுக்குக் கெடச்ச பட்டம்ல இது" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் வள்ளியூர்க்காரன். அவனை அப்படியே மிதிக்கலாம் போலிருந்தது. கல்யாணமாகாத பையன்களுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு தர மாட்டார்கள். இந்த ஒரு அறைக்கே படப்பை வரை அலைந்திருந்தோம். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும், பின்னால் பொத்தை. இதை விட்டுவிட்டு எங்கே போவது? அதுவும் திருட்டுப் பட்டத்தோடு! அன்றிலிருந்து நாங்களும் ஓனரம்மாவும் கீரியும் பாம்பும்தான்.

மறுநாள் காலை பொத்தை முழுவதும் தேடினேன். கீதின் வெடிப்பு வாசலில் செவலை இறகுகள் சிதறிக் கிடந்தன. நடுவில் அந்த மஞ்சள் துணி. எடுக்கவில்லை. எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால் நாங்களே போட்டது என்பார். ஓடிப்போய், "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்மா? நீங்களே வந்து பாருங்க" என்றேன்.

ஓனரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கழியோடு ஏறினார். "அந்தக் கஸ்மாலத்த இன்னிக்கு ஒரு வழி பண்ணிட்றேன்" என்று வழியெல்லாம் திட்டு. மஞ்சள் துணியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

வெடிப்பு வாசலில் இளவெயிலில் மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. ஓனரம்மா கழியை ஓங்கினார். எனக்கு ஐயோ என்றிருந்தது. சேவல் பழி என்மேல் இருந்தாலே தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது பாறைமேல் ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு வந்தது.

ராஜாளி! தாய்க்கீரி உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து, பின்காலில் எழுந்து நின்று கீச்சிட்டது. இரண்டு குட்டிகள் உள்ளே பாய்ந்தன. ஒன்று வழி தெரியாமல் வெளியே சுற்றியது. இறக்கையை மடக்கிக்கொண்டு ராஜாளி இறங்கியது.

"ஏய்! ச்சீ! போ அந்தாண்ட!"

கத்தியது ஓனரம்மா. கழியை மறந்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வீசினார். அது ராஜாளிமேல் படவே இல்லை. ஆனாலும் பறவை மிரண்டு, பக்கவாட்டில் சாய்ந்து மேலே போய்விட்டது. செருப்பு ஓர் ஆழமான வெடிப்புக்குள் விழுந்தது. இன்றும் அங்கேதான் இருக்கும்.

சற்று நேரம் கழித்து வாசலில் மூக்குகள் தெரிந்தன. ஓனரம்மா விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... தோ, மூணும் கீது!" அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பிறகு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "அம்மாவுக்குன்னு வுட்டது. ஒரு அம்மா துன்னுட்டா. வுடு, போவட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே இறங்கினார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க எனக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஒண்ணாந்தேதி வந்தது. வள்ளியூர்க்காரன் ஸ்டவ்வைத் துணியில் கட்டிவைத்திருந்தான். முன்வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தோம். பையும் பாயுமாக இரண்டு பையன்கள், எங்கள் பக்கத்து ஆட்கள்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"ரூம் காலின்னு சொன்னாவ. அதான் வந்தோம்" என்றான் ஒருவன்.

ஓனரம்மா கோழிக்குத் தவிடு போட்டபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"எவன் சொன்னான்? காலியெல்லாம் இல்லப்பா. ரூம்ல ரெண்டு கீது."

வள்ளியூர்க்காரன் ஸ்டவ் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினான்.