ஆபிதா யாருக்கும் உதவியாளர் அல்ல

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ‘நமது நிறுவனத்தில் முன்பு கணினி உதவியாளராகப் பணிபுரிந்த திருமதி அபிதா நேற்று மாலை காலமானார்.’ கீழே ஒரு ரோஜாப்பூ, ஒரு மெழுகுவத்தி. பத்து நிமிடத்திற்குள் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அவர் எந்தச் செய்தியையும் படிப்பதில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்துவார். அவரைத்தான் எங்கள் நிறுவனம் மனிதவளத் துறைக்குத் தலைவராக வைத்திருக்கிறது.

பெயர் ஆபிதா, அபிதா அல்ல. ஒன்பது ஆண்டுகள் சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அது. உதவியாளர் என்றால் யாருக்கு உதவியாளர்? அந்தத் துறையில் அவரைத் தவிர வேறு ஆளே இருந்ததில்லை.

உலைப் பிரிவு ஃபோர்மேன் ஏழுமலை எனக்குப் போன் செய்தார். அழுதுகொண்டிருந்தார், அதைவிடக் கோபமாக இருந்தார். “பாத்தீங்களா சார்? ஆபிதாக்காவ போயி அசிஸ்டென்ட்டுன்னு போட்டுக்கிறானுங்கோ. நாலு பேரு வேலைய ஒண்டியா செஞ்சிக்கினு இருந்துச்சு சார் அது.”

இதைப் படிக்கிறவர்களில் பலர் எங்களோடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு ஆபிதாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது இரும்பை உருக்கி, பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பிரேக் பாகங்கள் வார்க்கிற ஆலை. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருக்கிறேன். ஆபிதா பழவேற்காட்டுக்காரர். அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் என்று தினமும் வந்து போனார். ஆலையின் கணினிகள், அவற்றை இணைக்கிற கம்பிகள், அவற்றுக்குள் கிடக்கிற தகவல்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பொறுப்பு என்ற சொல்லை மட்டும் கடைசிவரை யாரும் அவர் பதவியோடு சேர்த்து எழுதித் தரவில்லை.

அவர் வந்த புதிதில் எங்கள் பொது மேலாளருக்கு ஆலை முழுவதும் வைஃபை வேண்டும் என்ற ஆசை வந்தது. வேறொரு ஆலையில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் எதையும் அப்படித்தான் முடிவு செய்வார். உலைக்கூடத்துக்கு மட்டும் வைஃபை ஆகாது, கம்பிதான் இழுக்க வேண்டும் என்றார் ஆபிதா.

“இந்தக் காலத்துல யாரும்மா ஒயர் இழுக்குறாங்க?”

“இந்தக் காலத்துல யாரு சார் இரும்புத் தகரத்துக்குள்ள உக்காந்துகினு சிக்னல் தேடுறாங்க?”

பொது மேலாளருக்கு முகம் சிவந்தது. ஆபிதா அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழுமலையின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து உலைக்கு எதிரே நிற்கவைத்தார். தலைக்கு மேலே கிரேன் நகர்ந்து வந்தபோது இணைப்பு அறுந்தது. கிரேன் போனதும் வந்தது. மறுபடி வந்தபோது மறுபடி அறுந்தது. “அக்கா, கிரேன் வந்தா இது செத்துப்பூடுதுக்கா” என்று ஏழுமலை அங்கிருந்தே கத்தினார். பொது மேலாளர் இறங்கி வந்தார். ஆனால் அந்த ஆத்திரத்தில், கம்பிதானே, அதோடு சேர்க்கிற பெட்டிகளை மலிவாக வாங்கிக்கொள் என்றார். அதற்கும் ஆபிதா ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே விலை கூடிய, தூசி புகாத பெட்டிகளைக் கேட்டார். “உலைக் கரி உள்ள போனா ஆறு மாசம்கூட தாங்காது. இதுல மிச்சம் புடிக்காதீங்க.” அதே மனுஷி தகவல்களைச் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸுக்கு மட்டும் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளைப் போட்டிருந்தார். இந்த இரண்டும் எப்படி ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

அவருடைய ஏளனம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது அல்ல. இலவச மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் ஒருமுறை எங்களைப் பார்க்க வந்திருந்தார். சட்டையில் வாசகம், பேச்சில் விடுதலை. ஆபிதாவின் டேட்டாபேஸைப் பாராட்டிவிட்டு, பாகங்களின் படம் வரைய நாங்கள் காசு கொடுத்து வைத்திருந்த மென்பொருளையும் தூக்கி எறியச் சொன்னார்.

“வாங்குற கம்பெனிக்காரன் இந்த வடிவத்துலதான் படம் அனுப்புறான். உங்களுதுல தொறந்தா அளவு மாறிப்போவுது. யாரு சரி பண்ணுவாங்க?”

“சமூகம் இருக்கிறது. கேட்டால் உதவுவார்கள்.”

“அந்தச் சமூகம் எந்த ஷிஃப்ட்டுல வருது?”

வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு ஆபிதா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. “காசு வாங்குறவன் நம்மள ஏமாத்துறான் சார். இவரு தன்னையே ஏமாத்திக்கினு இருக்காரு. அதான் வித்தியாசம்.”

அவர் உருவாக்கி வைத்திருந்த அந்த டேட்டாபேஸில் இருந்தது எங்கள் ஆலையின் உயிர். ஒவ்வொரு முறை இரும்பை உருக்கி ஊற்றும்போதும் அந்த உருக்குக்கு ஓர் எண் கொடுப்போம். ஒரே நாளில் பல முறை ஊற்றினால் எண்ணின் கடைசியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வரும். அந்த எண் ஒவ்வொரு பாகத்தின் மேலும் பதிந்திருக்கும். எந்தப் பாகம் எந்த உருக்கிலிருந்து வந்தது, எந்த லாரியில் போனது என்று அவருடைய டேட்டாபேஸ் ஒரு நொடியில் சொல்லும். யாருக்கும் அதில் பெருமை இருக்கவில்லை. இலவசமாகக் கிடைத்ததில் என்ன பெருமை?

அப்புறம் ஒரு நிறுவனம் வந்தது. உற்பத்தி, கிடங்கு, விடுப்பு என எல்லாம் ஒரே மென்பொருளில் என்றார்கள். விற்பனையாளர் நல்ல கோட்டு போட்டிருந்தார். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் நானும் ஒருவன். திரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் ஓடின. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை; எல்லோரும் தலையாட்டினோம். “சும்மா கிடைக்கிறதுக்கு என்ன மரியாதை இருக்கும்?” என்று பொது மேலாளர் தன் தத்துவத்தைச் சொன்னார்.

ஆபிதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “என்னைக்காவது இது வேணாம்னு நாங்க முடிவு பண்ணா, எங்க டேட்டாவ எந்த வடிவத்துல திருப்பிக் குடுப்பீங்க?”

விற்பனையாளர் சிரித்தார். “என்ன மேடம், கல்யாணத்தன்னிக்கே விவாகரத்து பேசுறீங்க?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

சிரிப்பு அடங்கும்வரை ஆபிதா காத்திருந்தார். “எங்க ஊட்டு நிக்காஹ்ல மாப்பிள்ள குடுக்குற மஹர் இன்னான்னு பேசி, எழுதி, அப்பறம்தான் சார் கையெழுத்து. யாரும் அத அபசகுனம்னு சொல்றதில்ல. நீங்க எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

பழைய டேட்டாபேஸ் இருந்த கணினியைப் புதிய மென்பொருள்காரர்கள் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு விடுப்பு விண்ணப்பம் போடுகிற இயந்திரமாக வரவேற்பறையில் வைத்தார்கள். அது அவர்களுக்குப் பொருத்தமான சாதனைதான்.

அடுத்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, எங்களிடம் பாகம் வாங்கும் பேருந்து ஆலையிலிருந்து போன் வந்தது. சோதனையில் ஒரு பிரேக் தாங்கி வெடித்திருந்தது. அதன் மேலிருந்த உருக்கு எண்ணைச் சொன்னார்கள்; மென்பொருள் மாறுவதற்கு முன்பு ஊற்றியது. அந்த உருக்கிலிருந்து வந்த பாகங்கள் அத்தனையும் எங்கெங்கே இருக்கின்றன என்று அன்று மாலைக்குள் பட்டியல் வேண்டும். சில ஏற்கெனவே பேருந்துகளில் பூட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கலாம்.

புதிய மென்பொருளில் தேடினேன். எண் வந்தது, கடைசி எழுத்து வரவில்லை. பழைய தகவல்களை மாற்றிக் கொண்டுபோனவர்கள் அந்த எழுத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் முழுக்க ஊற்றிய எல்லா உருக்குகளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது கெட்டது, எது நல்லது என்று சொல்ல வழியில்லை. விற்ற நிறுவனத்தை அழைத்தேன். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு எண் அனுப்பினார்கள். மூலத் தகவலை வெளியே எடுக்க வேறு ஒப்பந்தம் போட வேண்டும் என்றார்கள். கோட்டுக்காரர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார். பொது மேலாளர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவரால் ஆன உதவி அது.

ஆபிதா என் அறைக்கு வந்தார். தணிக்கைக்காகப் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிற இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னார். கீழ்த் தட்டில், கோப்புகளுக்குப் பின்னால், அவர் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

“ஏழு வருஷம் பதிவு வெச்சிருக்கணும்னு உங்க ரூல்ஸ்லயே இருக்குதே சார். அதான் இங்க வெச்சேன். எழுந்திருங்க... இல்ல, நீங்களே உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

“நானா?”

“நான் இல்லாத அன்னைக்கு யாரு அடிப்பாங்க?”

என்னுடைய கணினியிலேயே அந்த இலவச டேட்டாபேஸை நிறுவினோம். யாரிடமும் சாவி கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, புகார் எண் வாங்கவில்லை. இலவசம் என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது விலையைப் பற்றிய சொல்லே அல்ல. அவசரத்தில் யார் வாசலிலும் போய் நிற்கவேண்டியதில்லை என்பதற்குப் பெயர் அது. மதிய உணவு மணி அடிப்பதற்குள் பட்டியல் கையில் இருந்தது. அவர்கள் சொன்னது ‘சி’ உருக்கு. அந்தப் பாகங்கள் மூன்று லாரிகளில் போயிருந்தன. இரண்டு லாரிச் சரக்கு பேருந்து ஆலையின் கிடங்கிலேயே கிடந்தது. மூன்றாவதில் போனவை பூட்டியிருந்த பேருந்துகளை அன்று மாலையே பணிமனைக்குத் திருப்பி அழைத்துக் கழற்றினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பொது மேலாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். நெருக்கடியில் துணைநின்ற மென்பொருள் நிறுவனத்துக்கு நன்றி. அடுத்த வாரம் ஆபிதாவுக்கு ஒரு மெமோ: அனுமதியின்றி நிறுவனத் தரவுகளின் நகலை வைத்திருந்தது குறித்து விளக்கம் தேவை. நகல் இருந்தது என் அறையில், நிறுவனத்தின் அலமாரியில். நான் எழுந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பெண்ணின் கல்லூரி, வீட்டுக் கடன் என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. கோழைகளிடம் எப்போதும் காரணங்கள் இருக்கும்.

ஆபிதா மெமோவின் அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் வேலையை விட்டார்.

பிறகு பொன்னேரியில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்தார். போன ஆண்டு அங்கே அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்திருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். எனக்கு ஆச்சரியம்.

“என்ன மேடம், நீங்களா இதை வாங்கினீங்க?”

“இங்க நான் ஒருத்திதான் சார். நானே கட்டி வெச்சிட்டுப் போயிட்டா, இங்க இருக்குற நர்ஸுங்கோ பேஜாராயிடுவாங்கோ. அதான், போன் பண்ணா எடத்துக்கே ஆளு வர்ற மாதிரி ஒண்ண வாங்கிட்டேன்.” ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, “வெளிய வர்ற வழிய மொதல் பக்கத்துலயே எழுதி வாங்கிட்டேன்” என்றார்.

போயிட்டா என்று அவர் சொன்னதை வேறு வேலைக்குப் போவது என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு நோய் அப்போதே தெரிந்திருக்கிறது.

பழவேற்காட்டில் அடக்கம். ஏழுமலையும் நானும் போனோம். மூன்று பிடி மண் போட்டோம். நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் வெளியே நின்றிருந்தார். “மேடம் லீவுல போய் ஒரு மாசம் ஆச்சு சார். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட கம்ப்யூட்டரு நிக்கல” என்று அழுதார். ஆபிதாவைப் பற்றி அன்று சொல்லப்பட்டவற்றில் அதுதான் மிகச் சரியான வார்த்தை.

திங்கட்கிழமை மனிதவளத் துறைக்குப் போனேன். அந்த மெமோ தவறு, அதை நீக்குங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பல ஆண்டுகள் தாமதமான கையெழுத்து. அந்தக் கட்டைவிரல்காரர் திரையைக் கொஞ்ச நேரம் தடவிவிட்டுச் சொன்னார்: “நம்மால நீக்க முடியாது சார். சாஃப்ட்வேர்காரங்களைத்தான் கேட்கணும். அதுக்கு வேற ஒப்பந்தம் போடணுமாம்.” சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உறைக்கவே இல்லை. என் கடிதத்தை எங்கே பதிவது என்று அந்த மென்பொருளில் ஓர் இடமும் இல்லையாம். ஆகவேதான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஆபிதா வேலையை விட்டுப் போன அன்று எனக்கு ஒரு தாள் கொடுத்தார். இன்னும் என் அலமாரியில் இருக்கிற அந்த நகலிலிருந்து டேட்டாபேஸைத் திரும்ப எடுக்கும் முறை, வரிசையாக, அவர் கையெழுத்தில். மாதம் ஒருமுறை அதைப் பார்த்து நானே செய்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. என்னிடம் அவருடையதாக இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதன் கடைசி இரண்டு வரிகள்: ‘முடிஞ்சதும் ஏதாவது ஒரு நம்பரைத் தேடிப் பாருங்க. கிடைச்சாத்தான் நம்புங்க.’