முந்நூறு தலைகள்

கதோனிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. லிமுரு என்ற மலையூரின் தேயிலைத் தோட்டத்தில் பகலெல்லாம் கொழுந்து கிள்ளுவாள். மிச்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் சூரியகாந்தி வளர்த்தாள். சாணுக்கு ஒரு விதையாக ஊன்றி, முளையைப் புறா கொத்தாமல் வலை கட்டி, அறுபது நாளில் வரவேண்டிய மொட்டுக்குக் குளிரில் எண்பது நாள் காத்துக் கிடந்தாள். பூ வியாபாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: இதழ் லேசாகப் பிரியும் பதத்தில், இடுப்புயரத் தண்டோடு முந்நூறு பூ, வெள்ளிக்கிழமை காலையில். பிடித்துப்போனால் வாராவாரம் எடுத்துக்கொள்வான். தேயிலைக் கூடையை ஒரேயடியாக இறக்கிவைத்துவிடலாம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முறைவைத்து ஒருத்தி நிலத்தில் மற்றவர்கள் வேலைசெய்யும் பெண்கள் குழு ஒன்று இருந்தது. தன் முறையை வெள்ளிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினாள். கூலி கிடையாது, சாப்பாடு போட்டால் போதும். விடிந்ததும் எட்டுப் பேர் கத்தியோடு வந்து நின்றார்கள்.

"கமண்டே அம்மா, என்னடி இது, சீக்கு வந்த கோழியாட்டம் நிக்கிறே?" என்றாள் குழுத் தலைவி ஞாம்பி. கதோனியை அங்கே மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்லக்கா. டீயப் போட்டுட்டு வர்றேன். எப்படி வெட்டணும்னு காட்டித் தர்றேன்."

"எங்களுக்கா? நாங்க பாக்காத சூரியகாந்தியா! போ, போய் உக்காரு."

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள்தான். கண் விழித்தபோது யாரோ பாலை இறக்கி மூடியிருந்தார்கள். அவள்மேல் ஒரு போர்வை கிடந்தது. வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது.

முற்றத்தில் மூன்று மூட்டைகள். உள்ளே கழுத்தோடு அறுத்த தலைகள். கொல்லையில் தண்டுகள் மொட்டையாக நின்றன. மக்காச்சோள வரப்பில் நாலு செடி வைத்து, தலையை அறுத்துக் காயவைத்து, கோழிக்கு உதிர்த்துப் போடுகிறவர்கள் அந்தப் பெண்கள். தண்டை அடுப்பெரிக்கத் தவிர எதற்கும் தொட்டதில்லை.

"முத்தவே இல்லியேனு இவளுக கேட்டாளுக. அவளுக்கு என்ன அவசரமோ, அறுத்துக் குடுத்துருவோம்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் ஞாம்பி பெருமையாக. "நல்லாத் தூங்குனே, எழுப்ப மனசு வரல. ஒண்ணுகூட விடல, பாத்தியா!"

கதோனிக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும்போல் இருந்தது. எட்டுப் பேர் கையிலும் பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. அந்தக் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். சோளமும் பயறும் அவித்த பானையைக் கொண்டுவந்து பரிமாறினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வியாபாரியின் வண்டி வந்தது. அவன் மூட்டையை எட்டிப் பார்த்தான்.

"தண்டு எங்கம்மா?"

ஞாம்பியின் கை தட்டிலேயே நின்றது. "தண்டா? அதுக்காடி இவரு வந்தாரு?"

"நீங்க சாப்பிடுங்கக்கா" என்று கதோனி அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். வண்டி திரும்பிப் போயிற்று.

திங்கட்கிழமை மறுபடி கூடையை முதுகில் மாட்டினாள். அந்தப் பெண்கள்மேல் அவளுக்குக் கோபம் நிலைக்கவில்லை. எண்பது நாளில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அவர்கள் எழுப்பாமல் விட்ட அந்த ஒரு மணி நேரம்தான். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.