பூண்டு கறுக்கவில்லை

ஸ்ரீவைகுண்டத்தில் நான் ஏறிய பேருந்து பாளையங்கோட்டை நோக்கித் தூறலில் ஊர்கிறது. முன்னிருக்கையில் ஒரு வாழைத்தோட்டக் கூலிக்காரர், ஆளில்லாத ஜன்னலோர இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறார். கண்மணி அகல விரிந்திருக்கிறது, சட்டையெல்லாம் வியர்வை. மனைவி அவர் கையை விடாமல் பிடித்திருக்கிறாள்.

“என்னம்மா செய்யுது அவருக்கு?”

“சாணிக்குழி ஓரத்துக் காளானைப் பறிச்சிட்டு வந்தாவ, அண்ணாச்சி. பூண்டு போட்டுத்தான் அவிச்சேன். விஷம்னா பூண்டு கறுக்கும்லா? கறுக்கல. நம்பிக் குடுத்துட்டேன்.”

பூண்டு பாவம், அதுக்கு என்ன தெரியும்!

“டாக்டர்ட்ட காட்டினியளா? என்ன சொல்லுதாரு?”

“இந்த மயக்கம் தெளிஞ்சிருமாம். வேற காளானும் கலந்திருந்தா ஈரலு போயிருமாம். பெரியாஸ்பத்திரில பாக்கணுமாம்.”

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்து, “நனையாம இங்கன தள்ளி உக்காரு, தாயி” என்கிறார்.

“யாரும்மா?”

“எங்க மவ. போன ஐப்பசில ஆத்து வெள்ளத்தோட போயிட்டா.” குரலைப் பையத் தாழ்த்துகிறாள். “தெளியணும்னுதான் கூட்டிட்டுப் போறேன். தெளிஞ்சதும் அவ எங்கன்னு கேப்பாவளே, அண்ணாச்சி.”

நடத்துநர், நிற்கும் ஒருவரை அந்த ஜன்னலோரத்தில் உட்காரச் சொல்கிறார். அவள் அவசரமாகத் தன் பையை எடுத்து அங்கே வைக்கிறாள்.