காற்றுத் துளைமேல் ஒட்டிய நாடா

கீரனூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் மணமேல்குடி முனியாண்டி போனில் அழைத்தார். நண்டு ஏற்றுமதி செய்பவர். பெட்டி எப்போது வரும் என்று சொல்லத்தான் கூப்பிடுவார். அன்று, "சார், நம்ம மேரி மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் அருள்மேரிக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தேன். திருச்சி வரும்வரை அதை எடுக்கவில்லை. ஒருவர் இடம் கேட்டுச் சண்டை போட்டார். போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அருள்மேரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விமானச் சரக்குக் கூடத்தில் நான் சுங்க அதிகாரி. அவர் உயிர்ப்பொருள்களைச் சோதிக்கும் அதிகாரி. சிங்கப்பூருக்குப் போகும் உயிர் நண்டுப் பெட்டியை நான் திறந்து பார்த்து மூடுவேன். அவர் மறுபடி திறப்பார். அக்கரையில் இறங்கியதும் அங்குள்ளவர்கள் இன்னொரு முறை திறப்பார்கள். ஈரச் சாக்குக்குள் கிடக்கும் நண்டு எத்தனை முறைதான் வெக்கையைத் தாங்கும்? ஒருநாள் தன் நாற்காலியை என் மேசைக்கு இழுத்து வந்தார். "ஒரே பெட்டிய நீங்க ஒருக்கா நோண்டுறீங்க, நான் ஒருக்கா நோண்டுறேன். சேந்தே பாத்துருவோம் சார், வாங்க" என்றார். அன்று முதல் இங்கே ஒரே திறப்புதான்.

அதோடு விட்டாரா? அக்கரைச் சோதனை அதிகாரிக்கு எழுதத் தொடங்கினார். எதைப் பார்க்க வேண்டும், எந்தப் படங்களை அனுப்ப வேண்டும் என்று இருவரும் மாதக்கணக்கில் பேசி ஒரே பட்டியலை உருவாக்கினார்கள். இங்கே பார்த்ததை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் மட்டும் திறப்பார்கள். முதலில் ஒரு சரக்கை அனுப்பிப் பார்க்க மேலிடமும் சம்மதித்தது.

அந்த முதல் சரக்கு முழுவதும் செத்துப் போய்ச் சேர்ந்தது. வழியில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்பது தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக முத்திரை நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தோம். காற்றுத் துளைகளையும் சேர்த்தே ஒட்டியிருந்தோம். இனிமேல் எனக்குப் பன்மை எதற்கு? ஒட்டியவன் நான். அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே அவர் அக்கரைக்குக் கடிதம் எழுதினார்: "தவறு எங்கள் பக்கம். காற்றுத் துளைகளை அடைத்துவிட்டோம்." கீழே அவர் கையெழுத்து மட்டும். என் பெயர் எங்கும் இல்லை. வெளிநாட்டு அலுவலகத்திடம் நம் குறையை எப்படி ஒப்புக்கொள்ளலாம், கடிதத்தைத் திரும்பப் பெறு என்று மேலிடத்திலிருந்து அவருக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் அறையில் நின்று அருள்மேரி சொன்னதை நானே கேட்டேன்: "நண்டு செத்தது அவுகளுக்குத் தெரியாதா சார்? பெட்டியத் தொறந்து பாத்ததே அவுகதான்." நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மகள் கல்யாணம், பதவி உயர்வு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவருடையது கடைசிவரை நின்றே போனது.

அக்கரையிலிருந்து பதில் வந்தது. தவறைத் தானாகச் சொன்ன அலுவலகத்தை நம்புகிறோம், அடுத்த சரக்கை அனுப்புங்கள் என்று இருந்தது. இம்முறை மூடி சேரும் இடத்தில் மட்டும் நாடா ஒட்டினோம். "பூராம் உசுரோட எறங்கிருச்சு மேடம்!" என்று முனியாண்டி போனில் கத்தியது மேசைக்கு எதிரே இருந்த எனக்கே கேட்டது. அன்று பேருந்தில் அருள்மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நாடா நல்லாத்தான் ஒட்டியிருந்தீங்க, பிக்கவே முடியலையாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து, அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. "நல்ல அதிகாரி. ஒரே ஒரு தவறு செய்துவிட்டார்" என்றார், மெமோ கொடுத்த அதே மேலதிகாரி. பிறகு என்னைத் தனியாக அழைத்து, "அது அவங்க தனிப்பட்ட ஏற்பாடு. அடுத்த வாரத்துலேர்ந்து பழையபடி ரெண்டு தடவ தொறந்துருங்க" என்றார். இரண்டு கரையும் ஒப்புக்கொண்டு நடக்கும் வேலை எப்படி ஒருவரின் தனிப்பட்ட ஏற்பாடாகும்? செத்தவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம்தானே!

"தொறக்க மாட்டேன் சார். அந்த நாடாவ ஒட்டினது நான்" என்றேன். அதையே எழுதியும் கொடுத்துவிட்டேன். அக்கரை அதிகாரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. இந்த முறை கையெழுத்து என்னுடையது.

அருள்மேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் மேசையோடு ஒட்டிக் கிடக்கும் அந்த நாற்காலி. அவர் இடத்துக்குப் புதிதாக வருகிறவர் அதில்தான் உட்கார வேண்டும். வேறு மேசை கிடையாது. இன்று காலை முனியாண்டியின் பெட்டிகளை ஒரே ஒருமுறை திறந்தேன், துளைகளை விரலால் தொட்டுப் பார்த்து மூடினேன். எனக்கு மெமோ தயாராகிறதாம். வரட்டும்.