சேகர் கடையில் வெளிச்சம்

போன சனிக்கிழமை மந்தைவெளியில் ஒரு புத்தகக் கடைத் திறப்புக்குப் போயிருந்தேன். புதுக் கடை அல்ல. சேகரும் அவர் மனைவி மல்லிகாவும் இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிற கடைதான். நான்கு மாதம் மூடியிருந்து, வேறு முகத்தோடு திறந்தது.

சுண்டல், காபி, முப்பது பேர். அவ்வளவுதான் விழா. அதற்குப் போய் நான் கண் கலங்கி நின்றேன். ஏன்?

கடையை மாற்றியமைத்தவர் யாழினி. அடையாறில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். ஏ.சி. கூடாது, புது பிளைவுட் ஒரு துண்டுகூட வாங்கக் கூடாது, இடிக்கிற வீடுகளின் மரமே போதும் என்கிற கட்சி. அதோடு கடை ‘இம்மர்ஸிவ்’வாக வேறு இருக்க வேண்டுமாம்.

“உள்ள வந்தா கடலுக்குள்ள முங்கின மாதிரி இருக்கணும் அங்கிள். நீலச் சுவர், மங்கலான லைட்...”

“முங்கினா மூச்சு முட்டாதாம்மா?” என்றார் சேகர். “எனக்கு வெளிச்சம் வேணும். அலமாரி எதையும் நகர்த்தக் கூடாது.”

யாழினி மூன்று முறை வரைபடத்தை மாற்றினார். மூன்று முறையும் அதே பதில். வெளிச்சம் போதாது. அலமாரியை நகர்த்தாதே. மனிதர் இவ்வளவு பிடிவாதக்காரரா என்று எனக்கே ஆச்சரியம். (மாலை வேளைகளில் அங்கே நின்றபடி ஓசியில் படித்து முடிக்கிற ஆசாமி நான். எல்லாம் என் முன்னால்தான் நடந்தது.)

அளவெடுக்கும் நாளில் யாழினிக்குப் பொறுமை போய்விட்டது. “அப்புறம் எதுக்கு அங்கிள் என்னைக் கூப்பிட்டீங்க?” என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

தச்சர் அந்தோணி குறுக்கே வந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். கடைக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

“மேடம், கோச்சிக்காதீங்கோ. சார் வம்பு பண்ணல. அவுருக்குக் கண்ணு சரியா தெர்ல. பக்கத்துல நின்னு டேப்ப நீட்டுறேன், காத்துல தேடிக்கினு கீறாரு.”

யாழினி சேகரைப் பார்த்தார்.

சேகர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “கண்ணுல பிரஷராம். ஓரத்துல எதுவும் தெரியல. நடுவுல மட்டும் ஒரு சின்ன வட்டம். வட்டமும் குறைஞ்சுகிட்டே வருது...” என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மல்லி.”

“எனக்கு ஆறு மாசமா தெரியும்.”

“தெரியுமா? ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லட்டும்னுதான். வீட்ல ஒரு டம்ளரைக்கூட இடம் மாத்தாம வச்சிருக்கேனே, கவனிக்கலையா?”

சேகர் மல்லிகாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டே நாள் பழகிய தச்சர் பார்த்துவிட்டார். வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று படித்த நான் பார்க்கவில்லை. படிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு நமக்கு!

யாழினி பையைக் கீழே வைத்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். “அங்கிள், கடையைச் சுத்திக் காட்டுங்க.”

சேகர் அவர் கையைப் பிடித்து அலமாரி அலமாரியாக அழைத்துப் போனார். இது நாவல், இந்த முனை இடிக்கும், குனி, இது சரித்திரம்... ஒரு சுற்று முடித்துக் கண்ணைத் திறந்த யாழினி, பழைய வரைபடத்தைச் சுருட்டிவிட்டுப் புதுத் தாள் கேட்டார்.

இப்போது கடை எப்படி இருக்கிறது தெரியுமா? பொய்க்கூரையைக் கழற்றிவிட்டு, ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்த மேற்கு ஜன்னல் திறந்திருக்கிறது. பகலில் விளக்கே வேண்டாம். அலமாரிகள் அதே இடத்தில்தான். ஆனால், விளிம்புகள் ஒவ்வொன்றும் வேறு மரம். சரித்திரத்துக்குச் சொரசொரப்பான பழைய கதவுப் பலகை. கவிதைக்கு வழவழப்பான தேக்குக் கட்டில் சட்டம். குழந்தைகள் பகுதிக்கு, அந்தோணி தன் மாமாவின் உடைந்த படகிலிருந்து கொண்டுவந்த பலகை. ஆணி இருந்த ஓட்டைகளில் குழந்தைகள் விரல் விட்டு விளையாடுகின்றன.

திறப்பு நாளில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் சோழர் சரித்திரம் ஒன்று கேட்டார். சேகர் விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்தார். நின்றார். புத்தக முதுகுகளை விரலால் எண்ணி, ஒன்றை உருவிக் கொடுத்தார். அதேதான்! மல்லிகா பில் போடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கியது அப்போதுதான்.

எல்லாரும் போன பிறகு நானும் கண்ணை மூடிக்கொண்டு, கவிதையைத் தேடி, விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஒன்றை உருவினேன்.

‘தொப்பை குறைய நாற்பது வழிகள்.’

“சரியான புத்தகம்தான் சார்” என்றார் மல்லிகா.