வெர்லீன் விற்காத ஆல்பம்

மடக்கு மேசையை விரித்து, அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளிய பிறகுதான் வெர்லீன் அக்கா மறுவேலை பார்ப்பார். சுவர் இல்லாத மைதானம் என்றால் எங்கள் வேனின் பக்கவாட்டில் ஒட்டுவார். தன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நிற்க இடம் விட மாட்டார். அடுத்து கட்டம் போட்ட துணி. அதன்மேல் கணவர் டெல்மர் ஸ்டிடமின் பாட்டு ஆல்பங்கள் விற்பனைக்கு, வெளிவந்த வரிசையில். முதல் ஆல்பத்தின் அட்டையில் டெல்மருக்கு நெற்றியை மறைக்கும் கறுத்த முடி. கடைசி ஆல்பத்தில் தொப்பி. இடையில் உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தால் ஒரு மனிதருக்கு வயதாவதை நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

"எந்தத் தலையோட வேணும், கண்ணு?" என்பார் அக்கா.

போலீஸ் ஷெரீஃபும் அவருக்குக் கண்ணுதான். வேனுக்கு டயர் மாற்றுகிறவனும் கண்ணுதான்.

கென்டக்கி மலைக்காரர்களில் இவ்வளவு பயந்த சுபாவத்தை நான் பார்த்ததில்லை. இடிக்குப் பயம். வளைவில் எதிரே வரும் நிலக்கரி லாரிக்குப் பயம். பாலம் வந்துவிட்டால் வேனில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஓடைக்கு ஓடை பாலம் என்பதால் பாதிப் பயணம் ஊமைப் பயணம்தான். "நீங்க பேசாம வந்ததாலதான் பாலம் நின்னுச்சு" என்று அக்கரையில் சொல்லி ஆளுக்கொரு புதினா மிட்டாய் தருவார். டெல்மர் அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "இத்தனை வருஷமா பாலத்தத் தாங்குறது எங்க வாய்தான்" என்பார். நான் டெல்மரின் பாட்டுக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறவன். மீசை முளைத்த புதிதில் சேர்ந்தேன். இப்போது அது நரைத்துவிட்டது. அக்காவின் பயங்களைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த வசந்தத்துக்குப் பிறகு யாரும் கேலி செய்வதில்லை.

டெல்மரின் நான்காவது ஆல்பத்தில் 'ரொவீனா' என்றொரு பாட்டு உண்டு. ஸ்டில்ஹவுஸ் ஓடைக்கு மேலே மரம் அறுத்துக்கொண்டிருந்த எல்வுட் ஃப்யூகேட் என்பவன், குடித்துவிட்டு வந்து மனைவி ரொவீனாவை அடித்துக் கொன்ற கதை. நடந்தது. நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பிய அடுத்த ஆண்டே டெல்மர் அதைப் பாட்டாக்கினார். பெயர் ஊர் எதையும் மறைக்கவில்லை. அந்த ஒரு பாட்டுக்காகவே நான்காவது ஆல்பம் இசைத்தட்டாக விற்றது, கேசட்டாக விற்றது, சிடியாக விற்றது, இப்போது மறுபடி இசைத்தட்டாக விற்கிறது. கேட்டவர்கள் எல்லாம் அழுவது மூன்றாவது சரணத்தில்:

கதவோரம் நின்ன சின்னது அம்மான்னு கூப்பிட்டுச்சே,
கேட்டும் கேக்காத கை ரெண்டும் கிழக்கப்போல செவந்திருச்சே.

மார்ச் மாதத்தில் எல்வுட் விடுதலையாகிவிட்டான். செய்தி மளிகைக்கடையில் தொடங்கி மலை முழுக்கப் பரவியது. "வந்தா வரட்டும். நான் பொய்யா பாடினேன்?" என்றார் டெல்மர். அவர் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சியில் அக்காவின் மேசைக்கடியில் ஓர் இரும்பு வாணலி வந்திருந்தது. சமைப்பதற்கு அல்ல.

எல்வுட் முதலில் வந்தது தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து நடந்த அன்று. ஒடுங்கிப்போன உயரமான கிழவன். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கடைசி வரிசையில் சுவரோரம் நின்றே கேட்டான். டெல்மர் 'ரொவீனா'வை எடுத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் கலைந்த பின் மேசையருகே வந்து ஆல்பங்களின் மேல் விரலை ஓட்டினான். மூன்றில் நின்றான். நான்கை எடுத்துப் புரட்டினான். பின்னட்டையில் பாட்டின் பெயரைக் கண்டதும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அன்று டெல்மர் வேனுக்கு வருவதற்குள் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. "அவர்கிட்ட மூச்சு விட்றாத. கேட்டா நெஞ்சப் புடிச்சுக்குவாரு."

அதற்குப் பிறகு மேசையில் மூன்றுக்கு அடுத்து ஐந்துதான். யாராவது நான்காவதைக் கேட்டால், "தீந்துபோச்சு கண்ணு, அடுத்த வாட்டி" என்பார். பெட்டி நிறைய அது வேனில் கம்பளிக்கடியில் கிடந்தது. எல்வுட் பள்ளிக்கூட அரங்குக்கு வந்தான், கால்நடைச் சந்தைக்கு வந்தான். ஒவ்வொரு தடவையும் விரல் மூன்றில் வந்து நிற்கும். அந்த இடைவெளியைத் தடவிப் பார்க்கும். அக்காவின் முகம் மாவாய் வெளுக்கும். டெல்மர் பாடும்போது அவர் டெல்மரைப் பார்ப்பதே இல்லை. கூட்டத்தில் இருக்கும் கைகளைப் பார்ப்பார். எந்தக் கை சட்டைப்பைக்குள் போகிறது, எந்தக் கை வெளியே வருகிறது.

அக்டோபரில் சோளப்பாகு காய்ச்சும் விழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாகுக் கொப்பரையின் ஆவி மைதானம் முழுக்கத் தித்திப்பாய் அடித்தது. நாங்கள் முதல் பாதி வாசித்து இறங்கியிருந்தோம். நான் மேசையோரம் நின்று பயறும் மக்காச்சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டெல்மர் மேடைக்குப் பின்னால் யாரோடோ புகைத்துக்கொண்டிருந்தார். எல்வுட் நேராக எங்களிடம் வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"நாலாவது இருக்குதா?"

"தீந்துபோச்சு" என்றார் அக்கா. கண்ணு என்று சொல்லவில்லை. அவர் கால் வாணலியைத் தேடி நகர்வது எனக்குத் தெரிந்தது.

"இருக்கட்டும். வாங்க வரல." அவன் குரல் மிக மெல்லியது; பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு தடவையும் வந்து வாய் வராமப் போயிட்டேன். நீங்க சொல்லுங்க அவருக்கு."

"எங்கள விட்ருங்க" என்றார் அக்கா. "அவருக்கு உடம்பு சரியில்ல. நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

"என்னைப் பத்தி எதையும் மாத்தச் சொல்லல. செஞ்சேன். நூறு வருஷம் பாடட்டும், நான் அதுக்குத் தகுந்தவன்தான்." தொப்பியின் விளிம்பை உருட்டிக்கொண்டே இருந்தான். "அந்தக் குழந்தை. கதவோரம் நிக்குதுன்னு பாடுறாரே. என் பொண்ணு ட்வைலா அன்னைக்கு அங்க இல்லீங்க. எங்கம்மா வீட்ல தூங்கிட்டிருந்தா. ஒஹாயோவுல அவ பெரியம்மாதான் அவள வளத்தாங்க. இந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டே வளந்துட்டா. தான் பாத்ததாவே நெனைச்சுட்டிருக்கா. சிறைக்கு எழுதியிருந்தா: 'கதவுகிட்ட நின்னேன், கூப்பிட்டேன், நீ திரும்பல'ன்னு. நீ அங்க இல்லம்மான்னு பதில் எழுதினேன். நான் சொன்னா யார் நம்புவா?"

இத்தனை வருஷமாக நான் அந்தச் சரணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

அதுவரை அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் குழந்தைய அங்க நிறுத்தினது அவரு இல்ல" என்றார். "நான். பாட்டு ஒரு சரணம் கொறையா இருக்குன்னு சமையக்கட்டுல உக்காந்து முழிச்சிட்டிருந்தாரு. ஒரு குழந்தைய வை, கேக்குறவங்க அழுவாங்கன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே சொன்னேன்."

நான் அவன் கையைப் பார்த்தேன். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைத் தலையில் வைத்தான்.

"அப்ப நீங்கதான் அவள அங்கருந்து எடுக்கணும்" என்றான். "அவ இன்னைக்கு வந்திருக்கா. அவங்கம்மா சமாதியப் பாக்க வந்தவ. பழுப்புக் கம்பளிச்சட்டை, மூணாவது பெஞ்சி. நான் வந்தது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்." ஆவிக்குள் நடந்து கொப்பரைப் பக்கம் போய் மறைந்தான்.

அக்கா என் சட்டையைப் பிடித்தார். "ஓடு. மூணாவது சரணம் வேண்டாம்னு சொல்லு. ஏன்னு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

டெல்மர் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தூரத்தில் மேசையைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார்.

இரண்டாம் பாதியில் கூட்டம் வழக்கம்போல 'ரொவீனா' என்று கத்தியது. டெல்மர் தொடங்கினார். முதல் சரணம். இரண்டாவது. மூன்றாவது வர வேண்டிய இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு கிதாரை மட்டும் மீட்டினார். நான் கூடவே வாசித்தேன். ஒரு கணம் மைதானம் விழித்தது. பிறகு, தங்களைப் பாடச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் எடுக்க, அடுத்தவர் சேர, கிழவர்களும் குழந்தைகளும் பாகு கிண்டுகிறவர்களுமாக, அத்தனை பேரும் அந்தச் சரணத்தைப் பாடினார்கள். ஒரு சொல் பிசகவில்லை. நிறுத்தச் சொல்லி டெல்மர் கையைத் தூக்கினார். இன்னும் உரக்கப் பாடச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். பாடுகிறவர்களை நிறுத்த எங்களிடம் எதுவும் இல்லை.

மூன்றாவது பெஞ்சில் பழுப்புக் கம்பளிச்சட்டை போட்ட பெண், எதிரே ஒன்றுமில்லாத இடத்தை வெறித்தபடி, அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய அந்த முகத்தில் பாடும் வாய் மட்டும் சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது.

வெர்லீன் அக்கா பெஞ்சுகளுக்கு நடுவே முழங்கால்களை இடித்துக்கொண்டு வந்தார். அவள் முன்னால் புல்லில் மண்டியிட்டார். இரண்டு விரல்களை அவள் உதட்டின் மேல் வைத்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.