குங்குமம் படிந்த இருபது சென்

போன மாதம் வரை என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருந்தது. அதற்குள் ஒரே ஒரு இருபது சென் காசு. அதன் ஒரு பக்கத்தில் குங்குமம் ஏறி, காய்ந்து, கறுத்துப் போயிருக்கும். என் மனைவி ஒரு முறை டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சாமி காசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காசு செய்த வேலையை நான் ஒரு மனிதரின் தலையில் கட்டினேன், அதற்காக அவருடைய வலது கையை உடைத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான்.

கிள்ளானுக்குப் போகும் பழைய சாலையில் அப்போது இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு தகர வேலி. இவர்கள் ராட்டினம் வைத்தால் அவர்கள் அதைவிட உயரமாக ஒன்று வைப்பார்கள். அவர்கள் பேய் வீடு கட்டினால் இவர்கள் இரண்டு பேய் வீடு கட்டுவார்கள். கடைசியில் இரண்டு முதலாளிகளுக்கும் ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்தது. எங்களுடையதைச் செய்தது ஒரு இத்தாலியக் கம்பெனி. அவர்களுடையதைச் செய்தது இன்னொரு இத்தாலியக் கம்பெனி. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே பட்டறையாக இருந்து, கூட்டாளிகள் அடித்துக்கொண்டு பிரிந்தவையாம். இரு தரப்பு இன்ஜினியர்களும் ஒரே மாதத்தில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆள் ஒரு நாள் ஏணியில் ஏறி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தன் கம்பெனியின் சக்கர அமைப்பை அப்படியே திருடியிருக்கிறார்கள் என்று கத்திவிட்டு, அங்கிருந்தே கீழே துப்பினார். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெயின்ட் டின் பறந்து வந்தது. மச்சான் அப்போது எங்கள் பக்கம்தான் வேலை செய்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அவனுங்க ஊர் சண்டைய பிளேன்ல ஏத்திக் கொண்டாந்து நம்ம வேலி மேல போடுறானுங்க பாருடா" என்றார்.

சிரித்த மனிதர் ஆறே மாதத்தில் வேலியைத் தாண்டினார். குற்றம் அவர்மேல் இல்லை. எங்கள் முதலாளி ரோலர் கோஸ்டருக்குப் பொறுப்பாளராக என்னைப் போட்டார். எனக்கு ஸ்பானர் பிடிக்கவே மச்சானைப் பார்த்துத்தான் வந்தது. ஆனாலும் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும், இத்தாலிக்காரரோடு பேச முடியும். அது போதுமாக இருந்தது.  மறு மாதம் மச்சான் பக்கத்துப் பூங்காவில் தலைமை மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

இரண்டு பூங்காக்களின் ரோலர் கோஸ்டர் ரயில்களுக்கும் சக்கரமும் பேரிங்கும் ஒரே அளவு. ஆரம்பத்தில் அவசரத்துக்கு வேலியிலிருந்த ஓட்டை வழியாக நானும் மச்சானும் சாமான் மாற்றிக்கொண்டோம். பிறகு அதுவும் நின்றது. எங்கள் ஆட்கள் அவர்களுடைய பேனரைக் கிழித்தார்கள். அவர்கள் எறிந்த போல்ட் எங்கள் டிக்கெட் கவுன்டர் பெண்ணின் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. நாங்கள் அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சீட்டுகளைப் பிளேடால் கீறினோம். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் ஒருவன் தலையில் தே தாரிக் டீ கிளாசை உடைத்தான் இன்னொருவன். இரத்தம் பார்க்காத வாரம் குறைவு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது, இன்று யார் மாட்டுவான் என்று ஓர் உற்சாகம் இருக்கும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் சீழ் வடிந்து அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் இரகசியம் என்பதே கிடையாது. எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மச்சான் கல்யாணமான புதிதில் அவளிடம் கொஞ்சிப் பேசியதுகூட அடுத்த வீட்டுக்குக் கேட்குமாம். "இன்னும் சத்தமா சொல்லுங்க" என்பாள் அக்கா, வேண்டுமென்றே. அவர் முகம் சிவந்து போகும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அவர் பேச்சு, அவருக்கு அவள் காது, அவ்வளவுதான் அந்த வீடு.

அந்த வருட ஆயுத பூஜைக்கு எங்கள் ரயிலுக்கும் பூஜை போட்டோம். முந்தைய வருடம் ஜனம் ரயிலில் ஏறி இறங்கும் மேடையில் பூசணிக்காய் உடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவியும், ஒரு வாடிக்கையாளர் வழுக்கி விழுந்துவிட்டார். அதனால் இந்த முறை தண்டவாளத்திலேயே உடைக்கலாம் என்று நான் முடிவு செய்தேன். மேடைக்குச் சற்று முன்னால் ரயிலின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கும் பகுதி அது. தண்டவாளத்தில் எதையும் போடக்கூடாது என்று இத்தாலிக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பூசணிக்காயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். காயின் தலையைச் சீவி, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி சில்லறையைப் போட்டு, மேலே சூடம் ஏற்றி, எங்கள் தண்டவாளத்தில் மாறி மாறி ஓடும் இரண்டு ரயில்களையும் சுற்றி வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கண்ணெல்லாம் இதோடு ஒழியட்டும் என்று சொல்லி ஓங்கி அடித்தேன். சிதறிய காசுகளை ஆட்கள் பொறுக்கிக்கொண்டார்கள். நான் ஹோஸ் பிடித்துக் கழுவினேன்.

நான்காம் நாள், பள்ளி விடுமுறைக் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது, ரயில் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. வேகம் குறைக்கும் பகுதியில் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு சென்சர் இருக்கும். எதிரே இரும்போ வேறு உலோகமோ வந்தால் ரயில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அங்கே ஒரு ரயில் இருந்தால் பின்னால் வரும் ரயிலைக் கம்ப்யூட்டர் விடாது. அன்று அங்கே ரயிலே இல்லை. ஆனால் இருக்கிறது என்று சென்சர் சாதித்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. இருபது பேர் வானத்தைப் பார்த்தபடி நனைந்துகொண்டு தொங்கினார்கள். பொம்பா தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டு ஒவ்வொருவராக இறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழே நூறு கைப்பேசிகள் படம் பிடித்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில், "எங்க ரயில் நிக்காது, வாங்க வாங்க" என்று ஒருவன் பாட்டாகவே பாடினான்.

எங்கள் முதலாளி லோரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். என்னைக் கூப்பிட்டு, "அந்த சென்சர் எங்க இருக்குன்னு வெளிய யாருக்கெல்லாம் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும், மச்சானுக்கு. மழையில் யாரும் மேலே ஏறி அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது என் வேலை. பார்ப்பதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மழை விட்டு வெயில் திரும்பவும் அடித்த மாலை ஆறு மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனோம். தகர விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது, எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பைப்போடு காத்திருந்தார்கள். முதல் நிமிடத்திலேயே எங்களில் ஒருவனின் பல் சேற்றில் விழுந்தது. குனிந்து அதைத் தேடியவனை முதுகில் மிதித்தார்கள். ஒருவன் காதைக் கடித்துக்கொண்டு இன்னொருவன் விடவே இல்லை. டிக்கெட் வாங்க நின்ற ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. என் கையில் சக்கரம் கழற்றும் பெரிய ஸ்பானர் இருந்தது. நான் வேறு யாரையும் தேடவில்லை.

மச்சான் கையில் ஒன்றும் இல்லாமல் அவர்களுடைய ரயில் மேடையிலிருந்து படியிறங்கி வந்தார். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், நிறுத்துங்கடா. நான் சொல்றதக் கேளு" என்றார். கம்பியைப் பிடித்திருந்த அந்த வலது கைமேல் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை போலும். அதே இடத்தில் இன்னும் ஒரு முறை அடித்தேன். முதல் அடி கோபத்தில் அடித்தது. இரண்டாவது அடி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.  மச்சான் தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் செய்யலடா" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மேலே ஏறினேன். சென்சரைத் தாங்கும் தகட்டின் இடுக்கில், அதன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு இருபது சென் நின்றது. அதன்மேல் குங்குமம். பக்கத்தில் காய்ந்த பூசணி விதை ஒன்று. சதையோடு சேர்ந்து மேலே எங்கோ ஒட்டியிருந்த காசு, காய்ந்ததும் ரயில் போகும் அதிர்வில் மெல்ல மெல்ல இறங்கி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. காசை எடுத்தேன். கீழே கம்ப்யூட்டரின் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் காசு என் சட்டைப் பையில் இருந்தது. மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். ரயிலை மேலே இழுக்கும் சங்கிலியில் கை மாட்டிக்கொண்டது என்று போலீசிடம் சொல்லியிருந்தார். அக்காவுக்காகத்தான் அப்படிச் சொன்னார், எனக்காக இல்லை. அக்கா என்னைச் சுவரோரமாக இழுத்துப்போய், "உண்மையச் சொல்லு தம்பி. அவரு அந்த ரயில்ல கை வச்சாரா?" என்று கேட்டாள். அவள் முகத்தில், இல்லை என்று சொல்லிவிடு என்ற கெஞ்சல் இருந்தது. இல்லை என்றால், நான் ஒரு பூசணிக்காய்க்காக அவர் கையை உடைத்தவன் ஆவேன். "ஆமாக்கா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. "என்னடா?" என்றாள். "ஆமா, அவர்தான் செஞ்சாரு" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. 

அந்தக் கை பிறகு ஸ்பானர் பிடிக்கவில்லை. மச்சான் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோய், ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பகல் காவலுக்கு உட்கார்ந்தார். பதிமூன்று வருடம் அக்கா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டாள். ஆனால் அவர் சொன்ன எதையும் நம்பவில்லை. சின்னச் சண்டை வந்தாலும், "என் தம்பியே சொன்னான், என்கிட்ட பொய் சொல்லாதீங்க" என்பாள். அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இதை அவளே என்னிடம் போனில் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் கோழை. வேறு நல்ல வார்த்தை இதற்கு இல்லை.

போன வருடம் அக்கா இறந்தாள். வாய்க்கரிசி போடும்போது மச்சானின் வலது கையில் அரிசி நிற்கவில்லை. மடங்காத விரல்களின் இடுக்கு வழியாக அவள் கழுத்திலும் சேலையிலும் கொட்டியது. இடது கையால் போடக்கூடாது என்றார்கள். அவர் மறுபடியும் அள்ளினார், மறுபடியும் கொட்டியது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

போன மாதம் அந்தப் பழைய சாலை வழியாகப் போக வேண்டி வந்தது. இரண்டு பூங்காக்களும் இல்லை. இரண்டு நிலத்தையும் ஒரே கம்பெனி வாங்கி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கிறது. வேலி எந்த இடத்தில் ஓடியது என்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

மச்சான் கதவைத் திறந்தார். நான் காசை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பூசணிக்காய், தண்டவாளம், மறுநாள் காலை, ஆஸ்பத்திரி. அவர் காசைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. இன்னும் ஓர் அடி விழுந்தது. அந்த இரண்டாவது அடி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அவ இருந்தப்ப ஏன்டா வரல?" என்றார்.  "என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் செய்யலன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லு."

கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருந்தது. நெற்றியில் அன்றைக்கு வைத்த புதுக் குங்குமம். படத்துக்குக் கீழே விளக்குப் பலகையில் காசை வைத்தேன். அந்தப் புதுச் சிவப்புக்கு முன்னால் காசிலிருந்தது வெறும் அழுக்குப் போல இருந்தது. "அக்கா, மச்சான் செய்யல" என்றேன். எனக்கே குரல் சரியாகக் கேட்கவில்லை.

மச்சான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சத்தமா சொல்லு. அவளுக்குக் காது கேக்காதுன்னு தெரியும்ல."

"மச்சான் செய்யலக்கா. நான்தான்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. விளக்கின் சுடர் அசைந்தது, காசு அசையாமல் கிடந்தது.

"இன்னும் சத்தமா" என்றார் மச்சான்.